கழுத்தைக் கழற்றினால் வயது தெரியும்

மார்த்தாண்டத்தில் 31 வருடமாகக் கிட்டார் பழுது பார்ப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*

கேள்வி: அண்ணா, என் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான் போய் வந்த ஒரு தடவை எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கொண்டுவந்தார். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அதைத்தான் வாசிப்பார். 1974-ல் கப்பலை விட்டு ஊரோடு வந்துவிட்டார். அவர் போய் 2 வருடம் ஆகிறது. கிட்டாரை இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினோம். தலையில் இருந்த பெயர்த் தகடு எங்கேயோ விழுந்துவிட்டது, இரண்டு ஓட்டைதான் மிச்சம். பின்பக்கத் தகட்டில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, கூடவே ஒரு நம்பர். தம்பி இது அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டரின் கிட்டார் என்கிறான். திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் 15,000 ரூபாய்க்குக் கேட்கிறார். இது என்ன கிட்டார், எந்த வருடம்? 6 படம் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, கருங்கல்

பதில்: தங்கச்சி, படங்களை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், இது ஃபெண்டர் இல்லை. ஜப்பானில் ஃபெண்டர் பெயரில் கிட்டார் வர ஆரம்பித்ததே 1982-ல்தான். அப்போது உங்கள் அப்பா கப்பலை விட்டு வந்து 8 வருடம் ஆகியிருந்தது.

மூன்றாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பிகள் தலையிலிருந்து இறங்கும் இடத்தில் அவற்றைத் தாங்கும் சின்ன வெள்ளைக் கட்டை, 'நட்', இருக்கிறது. அதை ஒட்டியே ஒரு ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கோடு, கூடுதலாக இருக்கிறது இல்லையா? அதற்கு ஜீரோ ஃப்ரெட் என்று பெயர். 60-களில் வந்த ஜப்பான் கிட்டார்களில் இதை நிறையப் பார்க்கலாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டின் மேலும் ஓட்டைகளுக்கு உள்ளே தங்கத்தாள் மாதிரி மின்னுவது 'கோல்டு ஃபாயில்' பிக்கப். வரிசையாக இருக்கும் சாய்வு சுவிட்சுகளும் அந்தக் காலத்து ஜப்பான் கைவேலைதான். வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி 'டக்' என்று விழும்.

யார் செய்தது என்று அந்த இரண்டு ஓட்டையை வைத்துச் சொல்லிவிட முடியாது. டெய்ஸ்கோ என்ற கம்பெனி 1946-ல் டோக்கியோவில் தொடங்கியது. 1967-ல் கவாய் என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட கம்பெனிகள் தங்கள் பெயரிலும் விற்றார்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இறக்குமதி செய்தவர்கள் கேட்ட பெயரையெல்லாம் தகடாக அடித்தும் கொடுத்தார்கள். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வெட்டிய கிட்டார் நாலு கடையில் நாலு பெயரில் தொங்கும். பிக்கப்பையும் சுவிட்சையும் பார்த்தால் டெய்ஸ்கோ பக்கம்தான் என் மனசு சாய்கிறது. பின் தகட்டு நம்பரை வைத்துத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இந்த ரகத் தகடுகளில் இருக்கும் நம்பருக்கு வருடம் சொல்லும் கணக்கு கிடையாது.

அப்போ வருடத்தை எப்படிப் பிடிப்பது? நான் எப்போதும் இரண்டு முனையிலிருந்து வருவேன். 'இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது' என்பது ஒரு முனை. 'இதற்குள் வந்துவிட்டது' என்பது இன்னொரு முனை. முதல் முனையைக் கிட்டாரே சொல்லும். இரண்டாவது முனை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கப்பலில் போனவர் யாராக இருந்தாலும் சி.டி.சி. புத்தகம் இருந்திருக்கும். எந்தக் கப்பலில், எந்தத் தேதியில் ஏறினார், எங்கே, எப்போது இறங்கினார் என்று வரிசையாக முத்திரை போட்டிருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள். அப்புறம் சர்ச் பாடகர் குழு படங்கள், கல்யாணப் படங்கள், ஊர்த் திருவிழாப் படங்கள். அப்பா கையில் இந்தக் கிட்டார் இருக்கும் மிகப் பழைய படம் எது என்று பாருங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் படத்தின் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தேதி எழுதி வைப்பார்கள். 1969 கிறிஸ்துமஸ் படத்தில் கிட்டார் இருந்தால் அது 1970-ல் செய்ததாக இருக்கவே முடியாது.

நீங்கள் அனுப்பியதை மட்டும் வைத்து நான் சொல்வது: 60-களின் பின்பாதி. அப்பா கப்பலில் இருந்த காலத்துக்கும் அது பொருந்தி வருகிறது. சி.டி.சி. கிடைத்தால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் நெருக்கிவிடலாம்.

15,000 பற்றி. லட்சக்கணக்கில் போகும் கிட்டார் இல்லை இது. ஆனால் அந்தத் தங்கத்தாள் பிக்கப்பைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோ பிக்கப்பை மாட்டி வாசித்த பிறகு அதற்குத் தனி மவுசு. கேட்கிற ஆள் பிக்கப் இரண்டையும் கழற்றிக்கொண்டு மரத்தை மூலையில் போட்டுவிடவும் கூடும். யாருக்குக் கொடுத்தாலும் முழுசாக வைத்து வாசிப்பாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். என்னைக் கேட்டால், இந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் சர்ச்சில் அது ஒலிக்க வேண்டும். கம்பி மாற்றி, சுவிட்சுகளைத் துடைத்துத் தருவது எனக்கு ஒரு நாள் வேலை.

ஒரு எச்சரிக்கை. அப்பா கிட்டார் ஒலிபெருக்கியும் (ஆம்ப்) சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் அதை நம் வீட்டு பிளக்கில் செருகாதீர்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. செருகிய நிமிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பின்பக்கத்தில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

*

கேள்வி: துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் '1964 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்று ஒரு கிட்டாரை 9 லட்சத்துக்குச் சொல்கிறார். பின் தகட்டில் 'எல்' எழுத்தும் 5 இலக்கமும் இருக்கின்றன. எல் என்றால் 1963 முதல் 1965 வரை என்று படித்திருக்கிறேன். நான் கேட்டதும் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை, பிக்கார்டை, கழற்றிப் படம் எடுக்க விட்டார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடிப்பாகம், 'பாட்', அதன் பின்னால் 304 6631 என்று இருக்கிறது. அண்ணா, வாங்கலாமா?
— வாசகர், பாறசாலை

பதில்: தம்பி, கழற்றிக் காட்டச் சொன்னீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கழற்றவே விடாத ஆளிடம் பழைய கிட்டார் வாங்கக் கூடாது.

எல் நம்பர் பற்றி நீங்கள் படித்தது சரி. ஆனால் அந்த நம்பர் இருப்பது 4 ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு தகட்டில். இரண்டு நிமிடத்தில் கழற்றி வேறு கிட்டாரில் மாட்டிவிடலாம். ஒரு ஃபெண்டரில் மிக லேசாக இடம் மாறக்கூடிய பொருளே அதுதான். அதனால் தகட்டை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

அந்த 'பாட்' எண்ணிலிருந்து ஆரம்பிப்போம். என் அப்பாவுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. அமெரிக்க ரேடியோ, ஸ்பீக்கர் எது வந்தாலும் உள்ளே இருக்கும் இந்த இலக்கத்தை எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் மூன்று எண் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த இரண்டு வருடம். கடைசி இரண்டு வாரம். ஆக உங்கள் பாட் ஸ்டாக்போல் கம்பெனி 1966-ன் 31-வது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் செய்தது. 1966 ஆகஸ்டில் பிறந்த பாட் 1964 கிட்டாருக்குள் எப்படிப் போகும்? யாராவது பின்னால் மாற்றியிருந்தால் போகும். அதைத் தெரிந்துகொள்ள ஈயப் பற்றைப் பாருங்கள். பழைய ஈயம் மங்கிச் சாம்பல் பூத்து இருக்கும். புதிதாக வைத்தது பளபளக்கும், பக்கத்தில் ஃப்ளக்ஸ் பிசின் ஒட்டியிருக்கும். உங்கள் படத்தில் மூன்று பாட்களிலும் ஒரே மாதிரி மங்கிய ஈயம், ஒருவரே ஒரே நாளில் வைத்த பற்று. எனக்கு அது தொழிற்சாலைப் பற்றாகத்தான் தெரிகிறது.

சரி, அப்படியானால் 1966 கிட்டாரா? அதுவும் இல்லை. ஃபெண்டர் 1966-ல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, அதை வருடக்கணக்கில் எடுத்து எடுத்து மாட்டினார்கள். 1968, 1969 கிட்டார்களைத் திறந்தாலும் 66 தேதிதான் சிரிக்கும். பாட் சொல்வது 'இதற்கு முன்னால் இல்லை' என்பதை மட்டும்தான்.

இனி மற்றதை அடுக்கிப் பாருங்கள். தலை பெரிய தலை. 1964-ல் தலை சிறியது. 1965 கடைசியில்தான் பெரிதாக்கினார்கள். பெயர் தடித்த கறுப்பு எழுத்தில் இருக்கிறது. அது 1968-ல் வந்த மாற்றம்.   கழுத்து 4 ஸ்க்ரூவில் நிற்கிறது. 1971-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 3 ஸ்க்ரூவுக்கு மாறிவிட்டது, தலையில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) நுனியும் வந்துவிட்டது. உங்கள் கிட்டாரில் அது இல்லை. எல்லாம் சேர்ந்து 1968-க்கும் 1971-க்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறது. தகடு மட்டும் வேறொரு கிட்டாரிலிருந்து வந்தது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். கம்பெனி ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையதற்கும் பிந்தையதற்கும் சந்தையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விற்பவர் தெரிந்து செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கும்போதே அந்தத் தகடு இருந்திருக்கலாம். ஆனால் 1964 விலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. கழுத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழுத்தின் அடியில், உடம்புக்குள் மறைந்திருக்கும் முனையில், மையால் தேதி குத்தியிருப்பார்கள்: ஒரு எண், மாதத்தின் மூன்று எழுத்து, வருடம், அப்புறம் ஒரு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து பெரும்பாலும் 'பி' ஆக இருக்கும், அது கழுத்தின் அகலம். முதல் எண்ணைத் தேதி என்று எண்ணிவிடாதீர்கள், அது கிட்டார் ரகத்தைக் குறிப்பது. அந்த மாதமும் வருடமும் கழுத்துப் பிறந்த நாள். கிட்டார் முழுசானது அதற்குப் பிறகு.

கழற்றும்போது அவசரம் கூடாது. முதலில் கம்பிகளை முழுக்கத் தளர்த்துங்கள். நம் பக்கம் இரண்டு மழை, காற்றில் உப்பு வேறு. ஸ்க்ரூ துருப்பிடித்து மரத்தோடு இறுகிப் போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை வழுகிவிடும். சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, அளவான ஸ்டார் திருப்புளியால் திருப்புங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்ததோ அதிலேயே போக வேண்டும். திரும்பப் பூட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழும் உணர்வு விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் புது மரை வெட்டி 50 வருட மரத்தை நாமே கெடுத்துவிடுவோம்.

*

கேள்வி: எங்கள் குழுவிடம் 60-களின் கிட்டார் ஒன்று இருக்கிறது. பெயின்ட் மஞ்சளாகி, முடி மாதிரி கீறல் விழுந்திருக்கிறது. களியக்காவிளையில் ஒரு கார் பெயின்டர் நன்றாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார். அடிக்கலாமா?
— வாசகர், படந்தாலுமூடு

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எனக்கு அப்போது 22 வயது. ஒரு சர்ச் குழு பழைய அமெரிக்கக் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. மஞ்சளாகி, நீங்கள் சொல்வது போலவே கீறல் விழுந்தது. உப்புத்தாள் போட்டு மரம் தெரியும் வரை தேய்த்தேன். கரகரத்த பாட் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டேன். கழுத்து முனையில் மையால் ஏதோ எழுதியிருந்தது, அழுக்கு என்று அதையும் தேய்த்தேன். குழுவினர் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பணம் கொடுத்துப் போனார்கள். அந்தக் கிட்டார் எந்த வருடம் என்று இனி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய மூன்றையும் ஒரே மத்தியானத்தில் அழித்தவன் நான். 30 வருடம் கழித்தும் அது உறுத்துகிறது. இந்தப் பகுதியை எழுதச் சம்மதித்ததற்கும் அதுதான் காரணம்.

அந்த மஞ்சளும் கீறலும் நோய் இல்லை. நைட்ரோ செல்லுலோஸ் என்ற பழைய வார்னிஷ் வயதானால் அப்படித்தான் ஆகும். குளிரிலும் வெயிலிலும் மரம் விரிந்து சுருங்க, அதோடு போகமுடியாமல் வார்னிஷ் வெடிக்கிறது. ஃபெண்டர் 1968 வாக்கில் பாலியெஸ்டருக்கு மாறியது. அது தடிமனாக, கண்ணாடி மாதிரி நிற்கும், இப்படி மயிர்க்கீறல் விழாது. ஆக அந்தக் கீறலே உங்கள் கிட்டாரின் வயதுக்கு ஒரு சாட்சி. கழுத்து உட்காரும் குழிக்குள், வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் ஒரு துளி அசிட்டோன் தொட்டுப் பார்க்கலாம். நைட்ரோ என்றால் பிசுபிசுக்கும், பாலியெஸ்டர் அசையாது. நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கு கடைக்காரர்களிடம் இருக்கும். இருட்டில் அதை அடித்தால் பழைய நைட்ரோ பச்சை மஞ்சளாக ஒளிரும், பின்னால் ஒட்டுப் போட்ட இடம் தனியாகக் கறுத்துத் தெரியும்.

ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். அது போதும்.

*

கேள்வி: கிப்சன் லெஸ் பால் ஒன்று மலிவாக வருகிறது. தலைக்குப் பின்னால் 93985612 என்று நம்பர். அசலா?
— வாசகர், குளச்சல்

பதில்: 1977 முதல் 2005 வரை கிப்சனின் வழக்கமான கிட்டார்களில் 8 இலக்கம். முதல் எண்ணும் ஐந்தாவது எண்ணும் சேர்ந்தால் வருடம். நடுவே இருக்கும் மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82345567 என்று இருந்தால் 1985-ன் 234-வது நாள், ஆகஸ்ட் 22. உங்கள் நம்பரை அப்படிப் பிரித்தால் 1995-ன் 398-வது நாள். வருடத்துக்கு அத்தனை நாள் இல்லை. தலையில் இருக்கும் மணி வடிவ மூடியையும் பாருங்கள். கிப்சனில் அது 2 ஸ்க்ரூவில் நிற்கும், உங்கள் படத்தில் 3 இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: என் ஃபெண்டரில் 'இ' என்று தொடங்கும் 6 இலக்க நம்பர். அமெரிக்கா 1980 என்கிறார் நண்பர். கழுத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்றும் இருக்கிறதே?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டு நாட்டிலும் 'இ' உண்டு, அர்த்தம் வேறு. அமெரிக்கக் கிட்டாரில் இ என்றால் 80-களைக் குறிப்பது, அடுத்த எண் வருடம். ஜப்பான் கிட்டாரில் இ-யும் 6 இலக்கமும் 1984 முதல் 1987 வரை. அதற்கு முன்னால் 1982 முதல் 1984 வரை ஜே.வி. என்று வந்தது, அதைத் தேடி வாங்குகிறவர்கள் அதிகம். உங்களுடையது ஜப்பான்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல வேலைப்பாடு உள்ள காலம்.

*

கேள்வி: மகன் படிக்கக் கனடா போகிறான். பழைய கிட்டாரை எடுத்துப் போகிறான். விரல் பலகை ரோஸ்வுட் என்றால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்கிறார்களே?
— வாசகர், குலசேகரம்

பதில்: எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. நம் மலைகளில் நிற்கும் ஈட்டி மரம்தான் இந்திய ரோஸ்வுட். பிரேசில் தன் ரோஸ்வுட்டைத் தடியாக வெளியே விடுவதை நிறுத்தியதும் அமெரிக்கக் கிட்டார்க் கம்பெனி மார்ட்டின் 1969-ல் நம் ஈட்டிக்கு மாறியது. குலசேகரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்: உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு வாங்கிய மரமும் அந்தக் கிட்டார்களின் மரமும் ஒரே குடும்பம், ஒரே மலைத்தொடர்.

சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈட்டி என்றால் அந்த ஒப்பந்தத்தால் தொல்லை இல்லை. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992-லிருந்தே கடுமையான பட்டியலில் இருக்கிறது, அதற்குக் கையில் சான்றிதழ் வேண்டும். 60-களின் நடுவுக்கு முந்தைய அமெரிக்கக் கிட்டார் என்றால் பிரேசில் மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வருடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள். கழுத்தைக் கழற்றி, தேதியைப் படம் எடுத்து அனுப்புங்கள். பையன் எப்போது கிளம்புகிறான் என்றும் எழுதுங்கள், சான்றிதழ் தேவைப்பட்டால் அதற்கு நாள் பிடிக்கும்.